பரிவட்டம் கட்டிய தேவாங்கு

அரசர்கள் எல்லாரும் கிரீடத்தைத் தலையிலேயே வைத்துக்கொண்டு நடமாடிய காலம் ஒன்று இருந்தது. யார் நம்மை ஆள்கிறார் என்பதை எட்ட நின்றே கண்டுகொள்ளலாம். அந்த வசதி நமக்கு இல்லை. தோழர்களே, தாய்மார்களே, பிள்ளையைத் தோளில் சுமந்து பின்வரிசையில் நிற்பவர்களே, அந்தக் காலத்தில் நடந்த கதை இது.

முரம்பூர் என்றொரு நகரம். அதை ஆண்டவன் அதிரவேள். அவனுக்கு மூன்று ஆசைகள். தான் பேசினால் ஊர் கேட்க வேண்டும். தான் சிரித்தால் ஊர் சிரிக்க வேண்டும். தான் வளர்க்கும் விலங்குகளை ஊர் வந்து பார்த்து வாயைப் பிளக்க வேண்டும்.

முதல் இரண்டையும் காவலர்கள் கவனித்துக்கொண்டார்கள். மூன்றாவதற்காக அவன் ஒரு மிருகச்சாலை கட்டினான்.

மிருகச்சாலையின் நடுவில் சிங்கம். அதன் கூண்டுக் கம்பிகளுக்குத் தங்கப் பூச்சு. மேலே வெண்குடை. முன்னால் ஆளுயர முரசு. கூண்டின் உச்சியில் பரிவட்டம்.

திருவிழாவில் ஊர்ப் பெரியவரின் தலையில் பட்டுத்துணியைச் சுற்றி முதல் மரியாதை செய்வார்களே, அதே பரிவட்டம்தான். அந்த ஒரு முழத் துணிக்காக முரம்பூரில் அண்ணனும் தம்பியும் மண்டையை உடைத்துக்கொண்டதுண்டு. உடைந்த மண்டையில் துணி சரியாக நிற்காது என்பது பிறகுதான் அவர்களுக்குத் தெரியவரும். சிங்கத்துக்கும் தலையில்தான் கட்டுவதாக இருந்தது. கட்டுவதற்கு ஆள் கிடைக்கவில்லை. கூண்டில் கட்டிவிட்டார்கள்.

சிங்கத்துக்கு அடுத்த வட்டத்தில் யானை, புலி, மயில். இவற்றுக்குக் குடை கிடையாது. ஆளுக்கொரு மணி உண்டு.

அதற்கும் அப்பால் கடைசி வட்டம். சாணக் குவியலுக்குப் பக்கத்தில், மரக் கூண்டுகளில், மூன்று உயிர்கள். ஊளையிட்டால் சிரிப்பதுபோல் கேட்கும் கழுதைப்புலி ஒன்று. உடம்பெல்லாம் செதிலாக, எறும்பு தின்று பிழைக்கும் அழுங்கு ஒன்று. பூனைக்குட்டி அளவு உடம்பும், குச்சிக் கைகால்களும், முகத்தில் பாதி கண்ணுமாக ஒரு தேவாங்கு. இவற்றுக்குக் குடையும் இல்லை, மணியும் இல்லை. ஈ உண்டு.

முரசு முழங்கும். ஜனங்கள் முரசு கேட்ட திசைக்கு ஓடுவார்கள். அங்கே சிங்கம் நாலு காலையும் நீட்டிப் போட்டுத் தூங்கிக்கொண்டிருக்கும்.

"தூங்கும்போதே என்ன கம்பீரம் பாருங்க!" என்பார் ஒருவர்.

"வீரனுக்குத்தான்யா இப்படித் தூக்கம் வரும்!" என்பார் இன்னொருவர்.

சிங்கம் கொட்டாவி விடும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

பிறகு, வெளியே போகிற வழியில், மூக்கைப் பொத்திக்கொண்டு கடைசி வட்டத்தைக் கடப்பார்கள். அங்கே தேவாங்கும் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். அது இருட்டில் இரை தேடும் பிராணி. பகலில் தலையைக் கால்களுக்கிடையில் செருகி, பந்துபோல் சுருண்டு உறங்கும்.

"பட்டப்பகல்ல தூங்குது பாரு, சோம்பேறி மூதேவி!"

சத்தம் கேட்டு அது கண்ணைத் திறந்தால் இன்னும் கேவலம்.

"ஏங்க, எங்கம்மா நம்ம வீட்டுக்கு வந்தா நீங்க இப்படித்தான் முழிக்கிறீங்க!" என்பாள் ஒருத்தி.

"உங்கம்மா வந்தா அந்தச் சிங்கமே இப்படித்தான்டி முழிக்கும்" என்பான் புருஷன்.

இரண்டும் தூக்கம்தான், தோழர்களே. உள்ளவன் தூங்கினால் ஓய்வு, இல்லாதவன் தூங்கினால் சோம்பல். இதை முரம்பூர்க்காரர்கள் மட்டுமா சொன்னார்கள்? உங்கள் முதலாளியைக் கேட்டுப் பாருங்கள்.

கடைசி வட்டத்தைக் கூட்டிப் பெருக்கி, அந்த மூன்றுக்கும் இரை போட்டுவந்தவள் சிலம்பாயி. அவள் நாக்கு கொஞ்சம் நீளம். விளக்குமாறு அதைவிட நீளம். வெட்டுக்கிளியும் கரப்பானும் பிடித்துவந்து, பொழுது சாயும் வேளையில் தேவாங்குக்கு நீட்டுவாள். அது மனிதக் குழந்தைபோல் விரல்களை மடக்கி வாங்கிக்கொள்ளும். அவளுக்குப் பிள்ளை இல்லாத ஏக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளைகள் வீடு நிறைய இருந்தார்கள். ஒருவனும் இத்தனை மரியாதையாக வாங்கித் தின்றதில்லை.

அந்த ஆண்டு ஆடுகளுக்கு நோய் வந்தது. மந்தை மந்தையாக விழுந்தன. சிங்கத்துக்கு இரை குறைந்தது. சிங்கம் மெலிந்தால் அரசனின் பெருமை மெலிந்துவிடாதா? மந்திரி நெடுமதியார் யோசித்தார். முரம்பூரில் யோசிப்பது அவர் ஒருவருடைய உத்தியோகம். மற்றவர்கள் யோசித்தால் கசையடி.

"அரசே, எந்தக் கூண்டின் முன் கூட்டம் நிற்கவில்லையோ, அந்தக் கூண்டில் இருப்பது வீண். வீணானதைச் சிங்கத்துக்குப் போடலாம்" என்றார்.

அரசன் தலையசைத்தான். அவைப்புலவர் மணிநாவர் அந்த ஆணையை உடனே வெண்பாவாக்கினார். முரசறைந்து ஊருக்குச் சொன்னார்கள். கடைசி வட்டத்தின் மூன்று உயிர்களுக்கும் நாள் குறித்தாயிற்று.

சிலம்பாயி விளக்குமாற்றைக் கீழே வைக்காமல் அப்படியே அரசவைக்குப் போனாள்.

"மகாராசா, என் மூணு சீவனையும் சேர்த்துப் போட்டாலும் உங்க சிங்கம் பல்லுக் குத்தக்கூடக் காணாது. அதுங்களை விட்டுடுங்க."

"கூட்டம் வரவில்லையே, பெண்ணே?" என்றார் மந்திரி.

"எப்படிச் சாமி வரும்? முரசை அங்க அடிக்கிறீங்க, சனம் அங்க போகுது. என் சாணக் குவியலுக்கு முன்னால அடிச்சுப் பாருங்க. சாணத்தைப் பார்க்கவும் சனம் வரும்."

அவைக்குச் சிரிப்பு வந்தது. அரசன் இன்னும் சிரிக்காததால் எல்லாரும் இருமினார்கள்.

"குடையை என் பக்கம் புடிங்க. முரசை என் பக்கம் வைங்க. பரிவட்டத்தை என் பக்கம் கட்டுங்க. அடுத்த அமாவாசை வரைக்கும் போதும். கூட்டம் வரலைன்னா அதுங்களோட என்னையும் தூக்கிச் சிங்கத்துக்குப் போடுங்க. அந்த மூணையும்விட எங்கிட்டதான் கறி அதிகம்."

இப்போது அரசன் சிரித்தான். அவையும் நிம்மதியாகச் சிரித்தது. அதிரவேளுக்குப் பந்தயம் என்றால் உயிர். போவது மற்றவர் உயிராக இருக்கும்வரை.

"சரி. ஆனால் ஒரே ஒரு விலங்குக்குத்தான் மரியாதை" என்றார் மந்திரி. "எதற்கென்று நான் சொல்வேன். உன் மூன்றில் படுகேவலம் எதுவோ அதற்கு. தேவாங்குக்கு! கூட்டம் வந்தால் தேவாங்கு பிழைத்தது. மற்ற இரண்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்."

அப்படியே ஆயிற்று. சாணக் குவியலுக்கு மேல் வெண்குடை விரிந்தது. மரக் கூண்டின் முன்னால் முரசு வந்து நின்றது. தேவாங்கு கடிக்காத பிராணி என்பதால் அதன் தலையிலேயே பரிவட்டத்தைச் சுற்றினார்கள். ஆளைவிடத் துணி பெரிதாக இருந்தது. மூக்கும் கண்ணும் மட்டும் வெளியே தெரிந்தன.

முரசு முழங்கியது. கதவு திறந்தது. ஜனங்கள் ஓடிவந்தார்கள்.

சிங்கக் கூண்டைக் கடக்கும்போது ஒருவர் சற்று நின்றார். "இது என்ன அண்ணே, பெரிய நாயா?"

"நாய்க்கு ஏதுய்யா இத்தனை முடி? என்னமோ மொட்டையடிக்காத கழுதை. நிக்காதே, அங்க முரசடிக்கிறான்!"

தேவாங்கின் முன்னால் கூட்டம் வந்து நின்றது. என்ன நினைக்க வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. கூட்டத்தின் முன்வரிசையில் ஓர் எண்ணெய் வியாபாரி இருந்தார். போன முறை இதே கூண்டில் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டுப் போனவர். அவர் குடையைப் பார்த்தார். முரசைப் பார்த்தார். பரிவட்டத்தைப் பார்த்தார். மெதுவாக மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கையெடுத்துக் கும்பிட்டார்.

அவ்வளவுதான். கூட்டம் விழுந்து கும்பிட்டது.

குச்சிக் கை கால்களைப் பார்த்து, "தவம் செஞ்சு மெலிஞ்ச மேனி" என்றார்கள். பந்துபோல் சுருண்டதைப் பார்த்து, "யோக நித்திரை" என்றார்கள். சத்தத்தில் மிரண்டு கண் விழித்ததும், "ஐயோ, என்ன ஞானப் பார்வை! உள்ளே ஊடுருவுது!" என்றார்கள்.

"ஏங்க, அந்தக் கண்ணைப் பாருங்க, எவ்வளவு அருள்!" என்றாள் அந்தப் பெண்.

"போன தடவை என் முழின்னு சொன்னியே?"

"சீச்சீ. உங்களுக்கு ஏது அந்த லட்சணம்?"

புலவர் மணிநாவர் வந்து பாடினார். சிங்கத்துக்குப் பாடிய அதே பாட்டு. பெயரை மட்டும் மாற்றினார். 'பிடரி சிலிர்த்தால் திசைகள் நடுங்கும்' என்ற அடியை எடுத்தால் ஓசை கெடும் என்று அதை அப்படியே விட்டுவிட்டார். கூட்டம் தேவாங்கின் கழுத்தில் பிடரியைத் தேடியது. கிடைக்காமல் போகுமா?

"அதோ, காதுக்குப் பின்னால நிக்குது பாருங்க!"

"ஆமாய்யா, சிலிர்க்குது!"

சிலம்பாயி பந்தயத்தில் வென்றாள். அவள் உயிர் தப்பியது. தேவாங்கின் உயிரும் தப்பியது என்று நினைத்தாள். கதை இங்கே முடிந்திருந்தால் நல்ல கதைதான். ஆனால் மரியாதை என்பது மேலே இருந்து வரும் பொருள், தோழர்களே. மேலே இருந்து வருவது தலையில் விழாமல் போகாது.

முதலில் தூக்கம் போயிற்று. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை காதருகே முரசு. அது கண்ணை மூடினால், "தரிசனம் தராம மூடிக்கிட்டாரே" என்று குச்சியால் குத்தி எழுப்பினார்கள்.

பிறகு ரோமம் போயிற்று. பிள்ளைக்குத் தாயத்துக் கட்ட ஒரு முடி, கடைக்கு ஒரு முடி, மருமகள் அடங்கி நடக்க ஒரு முடி என்று கம்பிக்குள் கைவிட்டுப் பிடுங்கினார்கள்.

கடைசியில் சோறும் போயிற்று. சிலம்பாயி வழக்கம்போல் வெட்டுக்கிளியோடு வந்த வேளையில் மந்திரி குறுக்கே நின்றார்.

"என்ன அது?"

"அதுக்கு இரை, சாமி. பூச்சி."

"பரிவட்டம் கட்டியவருக்குப் பூச்சியா! இனிமேல் அவர் சைவம். சர்க்கரைப் பொங்கல், நெய்யப்பம், பானகம். இவற்றைத் தவிர ஒன்றும் அந்தக் கூண்டுக்குள் போகக் கூடாது."

கூண்டைச் சுற்றி நெய்யப்பம் மலைபோல் குவிந்தது. உள்ளே தேவாங்கு பட்டினி கிடந்தது. அப்பத்தை மோந்து பார்க்கும், திரும்பிக்கொள்ளும். "ஆசையை அறுத்தவர்!" என்று கூட்டம் மெய்சிலிர்க்கும். பானகத்தில் விழுந்த ஓர் ஈயை அது எடுத்துத் தின்றபோது மட்டும் எல்லாரும் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

சிலம்பாயி மறுபடி அரசவைக்குப் போனாள். இந்த முறை குரலில் பழைய துடுக்கு இல்லை.

"மகாராசா, குடையை எடுத்துடுங்க. முரசை எடுத்துடுங்க. அந்தத் துணியை அவுத்துடுங்க."

"நீதானே கேட்டாய்? நீதானே வென்றாய்?" என்றான் அரசன்.

"வென்னதுதான் தப்பாப் போச்சு. முன்னால காறித் துப்புனாங்க, ஆனாத் தூங்க விட்டாங்க. இப்பக் கும்பிட்டுக் கும்பிட்டே கொல்றாங்க. எலும்பா நிக்குது, மகாராசா. கையில எடுத்தா நெஞ்சு மட்டுந்தான் அடிச்சிக்குது."

மந்திரி தொண்டையைச் செருமினார். "கட்டிய பரிவட்டத்தை உயிர் இருக்கும்வரை அவிழ்க்கக் கூடாது. அது முரம்பூர் மரபு."

"உயிர் இன்னும் ரெண்டு நாள் தாங்காதே, சாமி!"

"அப்படியானால் மரபுக்குச் சிக்கல் இல்லை" என்றார் மந்திரி.

சிலம்பாயி வீட்டுக்குப் போய் அழவில்லை. அழுகிற நேரத்துக்கு அவளுக்கு வேறு வேலை இருந்தது.

மறுநாள் உச்சிப்பொழுது. வெயில் கொளுத்தியது. கதவை அடைத்துவிட்டுக் காவலர்கள் மரத்தடிக்குப் போனார்கள். முரசடிக்கும் சடையன் கஞ்சி குடிக்கப் போனான். சிலம்பாயி கூண்டைத் திறந்தாள். பரிவட்டத்தை அவிழ்த்தாள். தேவாங்கைக் கையில் எடுத்தாள். அது கண்ணைத் திறந்து பார்க்கவும் தெம்பில்லாமல் அவள் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது.

கூண்டு வெறுமையாக இருந்தால் உடனே தேடுவார்கள். சுற்றுமுற்றும் பார்த்தாள். காணிக்கை வைத்த தட்டில் மட்டை உரித்த தேங்காய்கள் குடுமியோடு இருந்தன. ஒன்றை எடுத்தாள். அதே நிறம், ஏறக்குறைய அதே பருமன், அதேபோல் சிலும்பிய நார். பரிவட்டத்தை அதற்குச் சுற்றி, தேவாங்கு சுருண்டிருந்த மூலையில் வைத்தாள். சாணக் கூடைக்குள் தேவாங்கை வைத்து, மேலே தழையைப் போட்டு, வாசல் வழியாகவே வெளியேறினாள். சாணக் கூடையை எந்தக் காவலன் சோதிப்பான்?

ஊருக்கு வெளியே உடைமரக் காடு. நிழலில் கூடையை இறக்கி, முதலில் ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்து நீட்டினாள். தேவாங்கு வாங்கியது. தின்றது. இன்னொன்று. பிறகு இன்னொன்று. மூன்றாவது முடிந்ததும் ஒரு கிளையைப் பற்றி மெல்ல மெல்ல ஏறி இலைகளுக்குள் போயிற்று. திரும்பிப் பார்க்கவில்லை. நன்றி கெட்டது என்று சிலர் சொல்லக்கூடும். நன்றியை எதிர்பார்த்துக் கூண்டைத் திறப்பவர்கள் பிறகு அந்தக் கூண்டுக்கே வாடகை கேட்பார்கள். சிலம்பாயி அந்த ரகமில்லை.

அவள் திரும்பி வந்தபோது முரசு முழங்கிக்கொண்டிருந்தது. கூட்டம் நெரிந்தது. சடையன் கோலை ஓங்கிக்கொண்டே, உதட்டை அசைக்காமல் சொன்னான்:

"அக்கா, உள்ளே தேங்காய் இருக்கு."

சிலம்பாயிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு எப்படிடா தெரிஞ்சுது?"

"முரசுக்கு முன்னால நிக்கிறவனுக்கு முரசு மட்டுந்தான் தெரியும். நான் பின்னால நிக்கிறேனே."

"சொல்லிடுவியா?"

"எனக்கு என்னத்துக்கு? தேங்காய்க்கு அடிச்சாலும் கை வலி ஒண்ணுதான்."

அன்று கூட்டத்துக்கு என்ன தெரிந்தது? எண்ணெய் வியாபாரிதான் முதலில் கண்டார். தேங்காயின் குடுமிக்குக் கீழே மூன்று கண் இருக்கும் அல்லவா? துணி சுற்றியதில் குடுமி விலகி, அந்தப் பக்கம் முன்னால் திரும்பியிருந்தது.

"மூணு கண்ணு!" என்று கத்தினார். "ஞானக்கண் திறந்திடுச்சு!"

முரம்பூரே திரண்டுவிட்டது. அமாவாசையன்று அரசனும் வந்து விழுந்து கும்பிட்டுப் போனான். யானையைப் பார்ப்பாரில்லை. புலியைப் பார்ப்பாரில்லை. சிங்கத்தைத் திரும்பிப் பார்க்க ஒரு நாதியில்லை. அது இத்தனை காலத்தில் முதன்முறையாக முரசுச் சத்தம் இல்லாமல் நன்றாகத் தூங்கியது. புலவர் 'முக்கண் தேவாங்குப் பதிகம்' பாடினார். மந்திரிக்குத் தனி மகிழ்ச்சி. இப்போது தேவாங்கு ஈ தின்பதில்லை. முகம் திருப்புவதில்லை. எப்போதும் விழித்தே இருக்கிறது. "பதவி வந்ததும் பக்குவமும் வந்துவிட்டது" என்று பாராட்டினார்.

பக்தர்கள் வேண்டிக்கொண்டு கூண்டின் முன்னால் தேங்காய் உடைத்தார்கள். தேங்காய்க்குத் தேங்காய் உடைத்தார்கள், தோழர்களே. உள்ளே இருந்த தேங்காய் ஒன்றும் சொல்லவில்லை. தன் இனம் நொறுங்கும்போது மேலே இருப்பது என்றைக்கு வாய் திறந்திருக்கிறது?

ஆனால் தேவாங்கு போயிற்றே தவிர, ஆணை போகவில்லை. கழுதைப்புலிக்கும் அழுங்குக்கும் மறுபடி நாள் குறித்தார்கள். அதற்கு அடுத்த அமாவாசையன்று அரசனே வந்து தேவாங்குக்கு மாலை சூட்டுவது, சூட்டி முடித்ததும் அவை இரண்டையும் சிங்கத்துக்குப் போடுவது என்று ஏற்பாடு.

அரசன் வந்தான். மந்திரி வந்தார். ஊர் வந்தது. அரசன் மாலையை எடுத்துக்கொண்டு, கூட்டத்தைத் தள்ளி நிறுத்தக் கூண்டைச் சுற்றிப் போட்டிருந்த வேலிக்குள் நுழைந்தான். மந்திரி பின்னால் போனார். கூண்டைத் திறந்துவிடச் சிலம்பாயி நின்றாள். அரசன் குனியும்போது குடிகள் யாரும் நிமிர்ந்திருக்கக் கூடாது என்பது சட்டம். எனவே முரம்பூர் மொத்தமும் மண்ணில் நெற்றியைப் பதித்தது.

அரசன் குனிந்து மாலையைச் சூட்டினான். மாலையின் நார் பரிவட்டத்தில் சிக்கியது. இழுத்தான். துணி அவிழ்ந்தது. தேங்காய் உருண்டு வந்து அவன் கால் கட்டைவிரலில் இடித்து நின்றது.

"இது என்ன?" என்றான் அரசன், மெல்லிய குரலில்.

"தேங்காய், மகாராசா" என்றாள் சிலம்பாயி, அவளும் மெல்லிய குரலில்.

"தேவாங்கு எங்கே?"

"காட்டுல. வயிறாரப் பூச்சி தின்னுக்கிட்டு இருக்கும்."

"எப்போதிலிருந்து?"

"போன அமாவாசைக்கு நீங்க விழுந்து கும்பிட்டுப் போனீங்களே, அதுக்கும் முந்தி."

மந்திரியின் முகம் வெளுத்தது. பிறகு சிவந்தது. "அரசே, இவள் தலையை எடுக்க வேண்டும்!" என்று பல்லைக் கடித்துக் கிசுகிசுத்தார்.

"எடுங்க, சாமி" என்றாள் சிலம்பாயி. "என்ன குத்தம்னு முரசறைஞ்சிட்டுத்தானே எடுப்பீங்க? அதுதானே முரம்பூர் மரபு? என்னன்னு அறைவீங்க?"

"திருட்டு" என்றார் மந்திரி.

"எதைத் திருடினாள்னு சனம் கேக்குமே. தேவாங்கைன்னா, அப்ப நாம கும்பிட்டது எதைன்னு கேக்குமே."

மந்திரி யோசித்தார். "தெய்வ நிந்தனை."

"எந்தத் தெய்வம்? சட்டினிக்கு அரைக்கிறதா?"

மந்திரி மறுபடி யோசித்தார். "ராஜத் துரோகம்! அரசரைத் தேங்காயின் காலில் விழவைத்தாள் என்று..." சொல்லிக்கொண்டே போனவர், சொன்னது தம் காதில் விழுந்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.

வெளியே மண்ணில் கிடந்த கூட்டம் முனக ஆரம்பித்தது.

"என்னய்யா இவ்வளவு நேரம்? இடுப்பு போச்சு."

"பேசாம கிட. மூணாவது கண்ணு ராசாவோட பேசுது போல."

அரசன் தேங்காயைப் பார்த்தான். அவிழ்ந்த பரிவட்டத்தைப் பார்த்தான். அண்ணாந்து, தன் தலைக்கு மேல் பிடித்திருந்த குடையைப் பார்த்தான். கிரீடத்தின் விளிம்பில் வியர்வை கசிந்தது. ஒரு தேங்காய்க்கு இது போதுமென்றால், இந்தக் குடைக்குக் கீழே யாரை வைத்தாலும் ஊர் விழுந்து கும்பிடும் என்பது இந்த ஊருக்குத் தெரிந்துவிட்டால்? யோசிப்பது மந்திரியின் வேலைதான் என்றாலும், அன்று அரசனே யோசித்துவிட்டான்.

"உனக்கு என்ன வேண்டும்?" என்றான், மெதுவாக.

"கூட்டம் வராத சீவனைச் சிங்கத்துக்குப் போடச் சொன்னீங்களே, அந்த ஆணையை இப்பவே கிழிச்சுப் போடுங்க. இன்னைக்கு மட்டுமில்லே, என்னைக்கும். அதுங்களுக்கு அதுங்க இரை வேணும். யாரு பார்த்தாலும், பார்க்காட்டியும்."

"கிழித்தால் நீ வாயைத் திறக்க மாட்டாயே?"

"என் வாய் எதுக்கு? தேங்காயே திறக்கலையே."

மந்திரி தம் கையாலேயே தேங்காயை எடுத்துத் துடைத்து, பரிவட்டம் சுற்றி, மூன்று கண்ணும் முன்னால் தெரியும்படி வைத்தார். கூட்டம் எழுந்தது. முதுகைப் பிடித்துக்கொண்டு ஆரவாரித்தது.

"முக்கண் தேவாங்கு அரசருக்கு அருள்வாக்குத் தந்தது!" என்று முழங்கினார் மந்திரி. "இனி எந்த விலங்கையும் கூட்டம் வரவில்லை என்பதற்காகக் கொல்லலாகாது! கடைசி வட்டத்துக்கும் இனி நாள்தோறும் அதனதன் இரை உண்டு!"

"ஆகா, என்ன கருணை!" என்றது கூட்டம், தேங்காயைப் பார்த்து.

அரசனுக்கு நிம்மதி வந்தது. நிம்மதி வந்ததும் தாராளமும் வந்தது. சிலம்பாயியை இன்னும் கொஞ்சம் கட்டிப்போட வேண்டும் என்றும் தோன்றியிருக்கும்.

"இவ்வளவு காலம் தேவாங்குக்குப் பணிவிடை செய்தவள் இவள். இவளுக்கும் பரிவட்டம் கட்டுங்கள்!" என்றான்.

கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. சாணம் அள்ளுகிறவளுக்குப் பரிவட்டம்! பட்டுத்துணியைத் தட்டில் வைத்து நீட்டினார்கள். சிலம்பாயி அந்தத் துணியைப் பார்த்தாள். கூண்டுக்குள் இருந்த தேங்காயைப் பார்த்தாள். அரசனைப் பார்த்தாள்.

"வேணாம், மகாராசா" என்றாள், ஊருக்கெல்லாம் கேட்கும்படி. "உள்ளே இருக்கிறவரும் நீங்களுமே கட்டிக்குங்க. என் தலை இன்னும் தேங்காய் ஆகலை."

கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. அரசனுக்குப் புரிந்தது. "அடியுங்கள்! முரசை ஓங்கி அடியுங்கள்!" என்று கத்தினான். சடையன் அடித்தான். அந்தச் சத்தத்துக்கு நடுவே சிலம்பாயி விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு, அழுங்குக்கு எறும்புப் புற்று வெட்டிவரக் கிளம்பினாள்.

தோழர்களே, இந்தக் கதையின் நீதி இதுதான்: எந்த உயிரின் மதிப்பும் அதன் தலைக்கு மேல் பிடித்த குடையில் இல்லை, குடையைப் பார்த்துக் கும்பிடுகிறவன் தேங்காயையும் தெய்வமாக்குவான், தேவாங்கையும் கொன்றுவிடுவான்.